“கோட் தப்பா வருது அண்ணே”: நிரல் எழுதப் பழகுகிறவர்கள் உதவி கேட்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, இரவு மணி பதினொன்றே முக்கால். எங்கள் டெலிகிராம் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. மடிக்கணினித் திரையைக் கைப்பேசியால் எடுத்த படம். தங்குவிடுதி அறையின் டியூப்லைட் திரைக்கு நடுவே வெள்ளைக் கோடாக விழுந்து நான்கு வரிகளை விழுங்கியிருந்தது. நிரலின் தொடக்கம் படத்திலேயே இல்லை. கீழே ஒரே ஒரு செய்தி: “அண்ணே, கோட் தப்பா வருது. ஹெல்ப் பண்ணுங்க.”

குழுவில் ஐம்பது பேருக்கு மேல் இருக்கிறோம். பாதிப் பேர் விழித்திருக்கும் நேரம்தான். ஆனாலும் அரை மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. எதற்குப் பதில் சொல்வது என்றே யாருக்கும் பிடிபடவில்லை. கேட்ட தம்பியோ, “நம்ம கேள்வி ரொம்பச் சில்லறையா இருக்கும்போல, அதான் யாரும் கண்டுக்கல” என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்த்தபோது அவர் இதைச் சொன்னதும் எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பகலில் நான் சரக்குப் போக்குவரத்துக்கு மென்பொருள் எழுதும் வேலையில் இருக்கிறேன். ஞாயிறு பிற்பகல்களில் ஒரு வட்டார நூலகத்தில் பைத்தான் என்ற நிரல்மொழி பழகுகிறவர்களோடு உட்காருவேன். கப்பல் பட்டறையில் பற்றவைக்கும் தம்பி, மருத்துவமனையில் தாதியாக இருக்கும் அக்கா, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள், வேலை மாறப் பார்க்கும் நாற்பது வயதுக்காரர்கள் எனப் பலரும் வருவார்கள். 2024 மே மாதம் நாற்பதும் அதற்கு மேலும் வயதான சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கத் திட்டத்தில் பயிற்சிக் கட்டணத்துக்காகக் கூடுதலாக 4,000 வெள்ளி கிடைத்ததிலிருந்து இந்தக் கடைசி வகையினரை நிறையவே பார்க்கிறேன். பாடம் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. சிக்கிக்கொள்ளும்போது கேட்கத்தான் தெரியவில்லை. எந்த வகுப்பிலும் அதைச் சொல்லித் தருவதில்லை.

முதலில் இந்தக் கூச்சம்

‘பைசே’ என்று இங்கே சொல்வோமே, அதுதான் பாதிப் பேரைத் தடுக்கிறது. “இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவார்களோ” என்று மூன்று நாள் தனியாக மல்லுக்கட்டிவிட்டு, நான்காம் நாள் படிப்பையே விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

அவர்களிடம் நான் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. 2015 மே மாதம் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், தாம் பல ஆண்டுகளுக்கு முன் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதிய சுடோக்கு நிரலை ஃபேஸ்புக்கில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார். கேம்பிரிட்ஜில் கணிதமும் கணினியியலும் படித்தவர். அவரே அந்தப் பதிவில், பிழை ஏதும் கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். அவர் கேட்ட விதத்தையும் பாருங்கள்: நிரல் எந்த வழியில் விடை தேடுகிறது என்று சுருக்கமாக விளக்கினார், திரைப் படத்தைப் போட்டார், மூல நிரலையும் கொடுத்தார். உதவ நினைப்பவருக்குத் தேவையானதெல்லாம் அங்கே இருந்தது. நாட்டின் பிரதமரே தம் நிரலில் பிழை இருக்கலாம் என்று ஊரறியச் சொல்லும்போது நமக்கென்ன கூச்சம்?

படி 1: கணினி சொல்வதை முழுசாகப் படியுங்கள்

சிவப்பு எழுத்து வந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறோம். பைத்தானில் பிழைச் செய்தியைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். கடைசி வரியில் பிழையின் வகை இருக்கும்: ‘நேம் எரர்’ என்றால் நீங்கள் குறிப்பிட்ட பெயர் கணினிக்குத் தெரியவில்லை, பெரும்பாலும் எழுத்துப் பிழை, ‘இன்டெக்ஸ் எரர்’ என்றால் பட்டியலில் இல்லாத இடத்தைக் கேட்டிருக்கிறீர்கள், ‘டைப் எரர்’ என்றால் எழுத்தையும் எண்ணையும் கலந்திருக்கிறீர்கள், அல்லது அதுபோல் ஒன்று. அதற்கு மேலே வரி எண் இருக்கும். வரிசையாகப் பல கோப்புகளின் பெயர் வந்தால் பதற வேண்டாம். அதில் நீங்கள் எழுதிய கோப்பு எங்கே கடைசியாக வருகிறதோ, அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும்.

பைத்தான் 3.10-க்கு முந்தைய பதிப்பு வைத்திருந்தால் முடிந்தவரை மாற்றிவிடுங்கள். மூடாத அடைப்புக்குறியைப் பழைய பதிப்புகள் அடுத்த வரியின் தவறாகக் காட்டும், 3.10 முதல் எந்த அடைப்பு மூடவில்லை என்றே சொல்லிவிடுகிறது. 2022 அக்டோபரில் வந்த 3.11, வரிக்குள் எந்தப் பகுதி சிக்கல் என்று அடிக்கோடிட்டும் காட்டுகிறது. பழகுகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

பிறகு அந்தக் கடைசி வரியை அப்படியே கூகளில் போட்டுத் தேடுங்கள். உங்கள் கோப்பின் பெயர், நீங்கள் வைத்த மாறிப் பெயர் (ஒரு மதிப்பைப் பிடித்துவைக்க நீங்கள் சூட்டும் பெயர்) போன்றவற்றை எடுத்துவிட்டுத் தேடினால் விடை சீக்கிரம் அகப்படும். தேடியும் கிடைக்காவிட்டால், தேடினேன் என்பதைக் கேள்வியில் ஒரு வரி சேருங்கள். அதுவே பெரிய மரியாதை.

படி 2: மூன்று வாக்கியம்

கைப்பேசியில் குறிப்பெழுதும் இடத்தைத் திறந்து மூன்றே வாக்கியம் எழுதுங்கள். என்ன கொடுத்தேன். என்ன வரும் என்று எதிர்பார்த்தேன். உண்மையில் என்ன வந்தது.

இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ‘தப்பா வருது’ என்றால் சரியானது எது? அது உங்களுக்குத் தெரியும், எங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தத் தம்பியிடம் ஞாயிற்றுக்கிழமை நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். அவர் எழுதியிருந்தது ஐசி எண்ணின், அதாவது அடையாள அட்டை எண்ணின், கடைசி எழுத்தைக் கணிக்கும் நிரல். சிங்கப்பூரில் நிரல் பழகும் பலரும் ஒருமுறையாவது தொட்டுப் பார்க்கும் பயிற்சி அது. ஏழு இலக்கங்களையும் முறையே 2, 7, 6, 5, 4, 3, 2 என்ற எடைகளால் பெருக்கிக் கூட்டி, கூட்டுத்தொகையை 11-ஆல் வகுத்து, மீதியைப் பார்த்து எழுத்தை எடுக்க வேண்டும்.

“1234567 கொடுத்தா என்ன வரணும் தம்பி?”

“தெரியலையேண்ணே.”

காகிதத்தில் போட்டோம். 2, 14, 18, 20, 20, 18, 14, கூட்டினால் 106. 11-ஆல் வகுத்தால் மீதி 7. எஸ் என்று தொடங்கும் எண்ணுக்கு மீதி 7 என்றால் எழுத்து டி. அவருடைய நிரல் காட்டியதோ இசட். இப்போதுதான் ஒரு கேள்வி பிறந்தது: “டி வர வேண்டிய இடத்தில் இசட் வருகிறது.”

படி 3: சிக்கலைச் சிறிதாக்குங்கள்

இந்த ஒரு படியைச் செய்தால் மற்றதில் கொஞ்சம் கோட்டைவிட்டாலும் பரவாயில்லை.

அவருடைய நிரல் எழுபது வரி. பெயர் கேட்கும், பிறந்த ஆண்டு கேட்கும், மெனு காட்டும், முடிவில் நட்சத்திரக் குறிகளால் கட்டம் கட்டி விடையை அச்சிடும். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே கைப்பேசியைப் பார்க்கும் ஒருவர் எழுபது வரியைப் படிக்க மாட்டார். ஐந்து வரி என்றால் படிப்பார். ஆங்கிலத்தில் இதை ‘மினிமல் ரிப்ரொடியூசிபிள் எக்ஸாம்பிள்’ என்பார்கள்: அதே கோளாறு திரும்பவும் வர வேண்டும், அதற்குத் தேவையில்லாத ஒரு வரியும் இருக்கக் கூடாது.

செய்முறை இதுதான். முதலில் கோப்பை வேறு பெயரில் நகலெடுங்கள். அசல் கோப்பில் கை வைக்காதீர்கள். நகலில் ஒரு பகுதியை நீக்கி ஓட்டிப் பாருங்கள். கோளாறு இன்னும் வருகிறதா? அப்படியானால் அந்தப் பகுதிக்கும் கோளாறுக்கும் தொடர்பில்லை, போகட்டும். கோளாறு மறைந்துவிட்டதா? நல்ல செய்தி, நீங்கள் கடைசியாக நீக்கியதில்தான் ஏதோ இருக்கிறது. அதைத் திரும்பச் சேர்த்துவிட்டு வேறொன்றை நீக்குங்கள். பயனரிடம் கேட்டு வாங்கும் இடங்களில் நேரடியாக ஒரு மதிப்பைப் போட்டுவிடுங்கள். அப்போதுதான் உதவுகிறவர் ஓட்டிப் பார்க்கும்போது அவருக்கும் அதே விடை வரும்.

நாங்கள் மெனுவை நீக்கினோம். இசட். பெயர், பிறந்த ஆண்டு, கட்டம் எல்லாவற்றையும் நீக்கினோம். இன்னும் இசட். மிஞ்சியது ஒரு சுற்று (ஒவ்வொரு இலக்கத்துக்கும் அதே வேலையைத் திரும்பச் செய்யும் பகுதி), அதற்குள் ஒரு பெருக்கல், பிறகு ஒரு வகுத்தல். ஒவ்வொரு பெருக்கலின் விடையையும் அச்சிடச் சொன்னேன். காகிதத்தில் 2, 14 என்று தொடங்கிய வரிசை, திரையில் இப்படி வந்தது:

11
2222222
333333
44444
5555
666
77

தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, “இரண்டு ஏழு தடவை வந்திருக்குண்ணே” என்றார், மெதுவாக. மூன்று ஆறு தடவை, நான்கு ஐந்து தடவை என்று விரல் வைத்து எண்ணினார். ஏன் என்று மட்டும் அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, ஆனாலும் சொல்லவில்லை. “இப்போ குழுவில் கேளுங்கள்” என்றேன்.

அவர் அன்று போட்ட செய்தி இது:

“பைத்தான் 3.12, விண்டோஸ் 11. இலக்கம் என்ற மாறியில் ‘2’ இருக்கிறது, எடை என்ற மாறியில் 7. இன்ட்(இலக்கம் * எடை) என்று போட்டு அச்சிட்டேன். 14 வரும் என்று நினைத்தேன். 2222222 வருகிறது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஏன் இப்படி?”

‘இன்ட்’ என்பது எழுத்தாக இருக்கும் இலக்கத்தை எண்ணாக மாற்றும் கட்டளை. நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. சொன்னவர் எங்கள் தாதி அக்கா. அவர் பழகத் தொடங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. இதை இத்தனை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் அதுதான். எழுபது வரிக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னைப் போன்ற பழைய ஆள் ஒருவர் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். மூன்று வரிக் கேள்விக்குத் தொடக்கநிலையில் இருப்பவரே பதில் சொல்லலாம். கேள்வி சுருங்கச் சுருங்க, பதில் சொல்லக்கூடியவர்கள் பெருகுகிறார்கள்.

இன்னொன்றும் நடக்கும். சுருக்கிக்கொண்டே போகும்போது, அனுப்புவதற்கு முன்பே விடை உங்களுக்கே தெரிந்துவிடும். நிரலாளர்கள் மேசையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்து அதற்கு வரி வரியாக விளக்கும் பழக்கம்கூட உண்டு. என் மேசையில் வாத்து இல்லை. என் மகளுக்கு விளக்குவேன். பாதியில் “அப்பா, புரிஞ்சிடுச்சுல்ல, நான் போகட்டுமா?” என்று எழுந்து போய்விடுவாள்.

படி 4: எழுத்தாக அனுப்புங்கள், படமாக வேண்டாம்

படத்திலிருந்து யாரும் நகலெடுத்து ஓட்டிப் பார்க்க முடியாது, தேடவும் முடியாது. நிரலையும் பிழைச் செய்தியையும் எழுத்தாக ஒட்டுங்கள். பைத்தானில் வரியின் முன்னால் விடும் இடைவெளிக்கே பொருள் உண்டு. சாதாரணச் செய்தியாக ஒட்டினால் அது குலைந்துபோகலாம். வழக்கமான கீபோர்டுகளில் எஸ்கேப் விசைக்குக் கீழே ஒரு சாய்ந்த ஒற்றைக் குறி இருக்கும். அதை மூன்று முறை தட்டி, நிரலை ஒட்டி, முடிவிலும் மூன்று முறை தட்டுங்கள். டெலிகிராம், வாட்ஸ்அப் இரண்டிலும் நிரல் தனி எழுத்துருவில் ஒழுங்காக நிற்கும். நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ இணையத்தளத்திலும் இதே குறிதான். பொத்தான் இடம் மாறிவிட்டது, ஜன்னலின் தோற்றம் சரியில்லை என்பது போன்ற கண்ணால் பார்க்க வேண்டிய சிக்கலுக்கு மட்டும் படம் போடுங்கள், அதுவும் திரைப்பிடிப்பாக.

நிரலைத் திரும்பத் தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள். கை தானாகவே பிழையைத் திருத்திவிடும், அல்லது புதிதாக ஒன்றைச் சேர்த்துவிடும்.

படி 5: உண்மையில் எதற்காகக் கேட்கிறீர்கள்?

ஒருமுறை குழுவில் ஒருவர், “ஒரு எண்ணின் முதல் மூன்று எழுத்துகளை மட்டும் வெட்டி எடுப்பது எப்படி?” என்று கேட்டார். இரண்டு பேர் வெட்டும் வழி சொன்னார்கள். மறுநாள், “10 வெள்ளிக்கு மேல் போனால் தப்பாகிறது” என்று வந்து நின்றார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. காப்பிக்கடைக் கணக்குக்காகச் சின்ன நிரல் எழுதுகிறார். 1.10 வெள்ளித் தேநீர் மூன்று என்று பெருக்கினால் 3.3000000000000003 என்று வருகிறது. அந்த வாலை வெட்டத்தான் அத்தனை பாடும்.

இரும எண்களில் 1.1 என்பதைத் துல்லியமாக எழுத முடியாது, அதனால் வரும் வால் அது. பைத்தானில் மட்டுமல்ல, பெரும்பாலான மொழிகளில் இப்படித்தான். பணக் கணக்கை முழுக்கக் காசாக, அதாவது 110 காசு என்று முழு எண்ணாக வைத்துக்கொண்டால் தொல்லையே இல்லை. ‘டெசிமல்’ என்ற தொகுதியையும் பயன்படுத்தலாம். 9 விழுக்காடு பொருள் சேவை வரியைச் சேர்க்கும்போதுதான் எங்கே முழுமையாக்குவது என்று யோசிக்க வேண்டும். முதல் நாளே “கடைக் கணக்கு, வால் வருகிறது” என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். நாம் பாதி வழி போய், அங்கே கண்ட முட்டுக்கட்டையைப் பற்றி மட்டும் கேட்கிறோம். எங்கே போகப் புறப்பட்டோம் என்பதையும் சொல்லுங்கள்.

படி 6: எதை மறைக்க வேண்டும்

சோதனைக்கு உங்கள் சொந்த ஐசி எண்ணையோ வேலை அனுமதி எண்ணையோ போடாதீர்கள். ஐசி எண்ணைத் தேவையில்லாமல் கேட்டு வாங்கக் கூடாது என்று 2019 செப்டம்பர் 1 முதல் நிறுவனங்களுக்கே இங்கே கட்டுப்பாடு இருக்கிறது. நாமே பொதுவெளியில் போடலாமா? கடவுச்சொல், ஏபிஐ சாவி (ஓர் இணையச் சேவையை உங்கள் நிரல் பயன்படுத்தத் தரப்படும் ரகசியக் குறி), நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் எதுவும் கேள்வியில் இருக்கக் கூடாது. வேலையிடத்து நிரலை அப்படியே போட்டால் வேலைக்கே ஆபத்து. படி 3-இல் சொன்னபடி சுருக்கிப் புதிதாக எழுதினால் இந்தக் கவலையும் போய்விடும். சாவி ஒன்று தவறி வெளியே போய்விட்டால் செய்தியை நீக்கினால் போதாது. உடனே சாவியை மாற்றுங்கள்.

தமிழிலா, ஆங்கிலத்திலா?

உங்களுக்கு எதில் தெளிவாகச் சொல்ல வருமோ அதில் கேளுங்கள். பிழைச் செய்தியை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள், அப்படியே போடுங்கள். சில கேள்விகளைத் தமிழர்களிடம் கேட்பதே நல்லது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டுப் பாருங்கள், 5 என்று சொல்லும். நமக்கு அது மூன்றெழுத்து. கணினிகள் எழுத்துகளைக் குறிக்கப் பொதுவாகப் பயன்படுத்தும் யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகளாக இருப்பதால் வரும் கணக்கு அது. தமிழ் தெரியாத நிபுணருக்கு இதில் என்ன தவறு என்று விளக்கவே ஒரு பக்கம் எழுத வேண்டும். நம் குழுவில் ஒரு வரி போதும்.

ஏஐ-யிடம் கேட்கலாமா?

கேளுங்கள். நானும் கேட்கிறேன். அதற்கும் இதே மூன்று வாக்கியமும் சுருக்கிய நிரலும் கொடுத்தால்தான் உருப்படியான பதில் வரும். ஆனால் தவறான விடையையும் அது அதே உறுதியோடு சொல்லும். சாட்ஜிபிடி வந்த சில நாளிலேயே, 2022 டிசம்பரில், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அதன் பதில்களைத் தடை செய்தது. பார்க்கச் சரியாகத் தெரிந்த தவறான பதில்கள் குவிந்ததுதான் காரணம். அது கொடுத்த நிரலை எங்களிடம் கொண்டுவந்தால் அப்படியே சொல்லிவிடுங்கள், யாரும் கோபிக்க மாட்டோம். எந்த வரி புரியவில்லை என்று காட்டுங்கள். கல்லூரி ஒப்படைப்பு என்றாலும் அதைச் சொல்லிவிடுங்கள். முழு விடையைத் தராமல் வழியை மட்டும் காட்டுவோம்.

படி 7: கேட்ட பிறகு

ஒரே கேள்வியை ஐந்து குழுக்களில் ஒரே நேரத்தில் போடாதீர்கள். ஓரிடத்தில் விடை கிடைத்திருக்கும், மற்ற நான்கு இடங்களில் யாராவது தூக்கம் விழித்து யோசித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் பொறுங்கள். பதில் இல்லாவிட்டால், கேள்வியில் புதிதாக ஏதேனும் சேர்த்துத் திரும்பக் கேளுங்கள், “யாராவது இருக்கீங்களா?” என்று மட்டும் கேட்டால் பயன் குறைவு. தனிச் செய்தியில் வராதீர்கள். பொதுவில் கேட்டால் நாளை அதே சிக்கலில் மாட்டுகிறவருக்கும் பதில் அங்கே இருக்கும்.

யாராவது திருப்பிக் கேள்வி கேட்டால் அது உங்களைச் சோதிக்க அல்ல. அவர் உதவத் தொடங்கிவிட்டார் என்று பொருள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். சொன்ன வழியைச் செய்து பார்த்துவிட்டு, என்ன வந்தது என்று எழுதுங்கள். சிலர் கடுகடுவென்று பேசுவார்கள், உண்மைதான். அதில் விஷயம் இருந்தால் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். ஆள் தொடர்ந்து அவமதித்தால் குழுவை நடத்துகிறவரிடம் சொல்லுங்கள், அதில் தயக்கம் வேண்டாம்.

தீர்ந்ததும் “நன்றி, ஓகே” என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். எது பிழை, எது தீர்வு என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். கேள்வியை அழித்தும்விடாதீர்கள். அன்று மாலை அந்தத் தம்பி போட்ட கடைசிச் செய்தி இன்னும் எங்கள் குழுவில் பின் செய்யப்பட்டு மேலேயே இருக்கிறது:

“தீர்ந்தது. இலக்கம் எண் இல்லை, எழுத்து. எழுத்தை 7-ஆல் பெருக்கினால் பைத்தான் ஏழு முறை எழுதிவிடும். இன்ட்(இலக்கம்) * எடை என்று அடைப்பை முன்னாடியே மூடினேன், 14 வந்தது. 1234567-க்கு இப்போ டி வருது. அக்காவுக்கு நன்றி.”